சாவு தீர்ப்பு ஆகாது

சாண்டி டர்ன்புல்லின் வாழ்க்கையை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில்தான் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த அருமையான ஆட்டக்காரர். மான்செஸ்டர் யுனைடெட் முதன்முதலாக எஃப்.ஏ. கோப்பையை வென்றது அவர் அடித்த கோலால். பிறகு பணத்தாசை அவர் கண்ணை மறைத்தது. 1915-இல் மேட்ச் ஃபிக்ஸிங் விவகாரத்தில் சிக்கி, ஆயுள் முழுக்க ஆடக் கூடாது என்ற தடைக்கு ஆளானார். ராணுவத்தில் சேர்ந்து, 1917 மே 3 அன்று பிரான்ஸில் உயிரைக் கொடுத்து அந்தக் கறையைக் கழுவிக்கொண்டார். 1919-இல் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் அவரை மன்னித்தது. பாவம், பலி, மன்னிப்பு என்று கதை ஒழுங்காக முடிகிறது. கேட்பவருக்கு மனம் நிறைந்துவிடுகிறது. சொல்பவருக்கும் வேலை முடிந்துவிடுகிறது.

இந்தக் கதையை நான் மறுக்கிறேன். இதில் வரும் தேதிகளில் பிழை இல்லை. அவற்றை இணைக்கும் நூலில்தான் பிழை இருக்கிறது. மூன்று கருத்துகள் இதற்குள் புதைந்திருக்கின்றன. டர்ன்புல் தொடக்கம் முதலே பணத்துக்காக விதிகளை மீறிய ஆள் என்பது ஒன்று. போர்க்களத்துச் சாவு அவர் குற்றத்தை ஈடுகட்டிவிட்டது என்பது இரண்டாவது. 1919-இல் கிடைத்த மன்னிப்பு பெருந்தன்மையான செயல் என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. மூன்றுமாகச் சேர்ந்து ஒரு மனிதரின் உழைப்பையும், அவர் தலைமுறை ஆட்டக்காரர்கள் நடத்திய ஒரு போராட்டத்தையும் பார்வையிலிருந்து மறைத்துவிட்டன. டர்ன்புல் நிரபராதி என்று வாதாடுவது என் நோக்கம் அல்ல. அவருடைய குற்றத்தை அதற்குரிய அளவில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். எயர்ஷயர் மாவட்டத்தில், கில்மார்னக் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹர்ல்ஃபோர்டு என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 1884-இல் பிறந்தவர் அலெக்சாண்டர் டர்ன்புல். உள்ளூர் அணியில் ஆடிக்கொண்டிருந்தவரை 1902-இல் மான்செஸ்டர் சிட்டி எடுத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 18. சிட்டி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்த நேரம் அது. அடுத்த ஆண்டே அணி முதல் பிரிவுக்கு ஏறியது. 1904-இல் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் போல்ட்டனை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையையும் எடுத்தது. அந்த வெற்றி அணியில் இருபது வயதுகூட நிரம்பாத டர்ன்புல் இருந்தார். முன்வரிசையில் இடது உள்பக்கம் அவர் இடம். பில்லி மெரிடித் வலது ஓரத்திலிருந்து அனுப்பும் பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் தள்ளுவது அவர் கைவந்த கலை.

1906-இல் இடி விழுந்தது. ஊதிய உச்சவரம்பை மீறி ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்தது என்று சிட்டி மீது கால்பந்துச் சங்கம் விசாரணை நடத்தியது. பதினேழு ஆட்டக்காரர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1907 ஜனவரி முதல் நாள் வரை அவர்கள் ஆடக் கூடாது, அதற்குப் பிறகும் சிட்டிக்கு ஆடவே கூடாது என்று தீர்ப்பானது. அந்தப் பதினேழு பேரில் டர்ன்புல்லும் ஒருவர். கோப்பை வென்ற அணி சிதறியது. மற்ற கிளப்புகள் போட்டி போட்டுக்கொண்டு வாங்க வந்தன. யுனைடெட்டின் எர்னஸ்ட் மங்னல் முந்திக்கொண்டு மெரிடித், டர்ன்புல், ஹெர்பர்ட் பர்ஜெஸ், ஜிம்மி பேனிஸ்டர் ஆகிய நால்வரையும் தன் பக்கம் கொண்டுவந்தார்.

தடை முடிந்த அதே நாளில், 1907 புத்தாண்டில், ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக டர்ன்புல் யுனைடெட் சட்டையில் இறங்கினார். ஆட்டத்தின் ஒரே கோலை அவர்தான் அடித்தார். அடுத்த பருவத்தில் யுனைடெட் முதன்முறையாக லீக் பட்டம் வென்றபோது 30 ஆட்டங்களில் 25 கோல்கள் அவருடையவை. 1909 ஏப்ரலில் பிரிஸ்டல் சிட்டிக்கு எதிரான கோப்பை இறுதியாட்டத்துக்கு அவர் காயத்தோடு வந்தார். ஆடவைக்கலாமா என்ற தயக்கம் எழுந்தபோது, தலைவர் சார்லி ராபர்ட்ஸ் அவருக்காக வாதாடி அணியில் சேர்க்கச் செய்தார். 22-ஆம் நிமிடத்தில் டர்ன்புல் அடித்த கோல்தான் கோப்பையைக் கொண்டுவந்தது. 1910 பிப்ரவரி 19 அன்று ஓல்டு டிராஃபோர்டு மைதானம் திறக்கப்பட்டபோது அங்கே விழுந்த முதல் கோலும் அவருடையதே. யுனைடெட்டுக்கு மொத்தம் 247 ஆட்டங்கள், 101 கோல்கள்.

உலகமே அறிந்த ஒரு மைதானத்தின் கணக்கு இந்த மனிதரின் தலையிலிருந்து தொடங்குகிறது. ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் முதலில் நினைவுக்கு வருவது அவர் ஆடாத ஓர் ஆட்டம். அது எப்படி நேர்ந்தது என்று கேட்க வேண்டும்.

"பணத்துக்காக விதியை மீறியவர்" என்ற முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். எந்த விதியை? 1901-இலிருந்து இங்கிலாந்தில் எந்தக் கால்பந்தாட்டக்காரருக்கும் வாரம் 4 பவுண்டுக்கு மேல் ஊதியம் தரக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. இதற்குத் துணையாக இன்னொரு பிடியும் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையிலேயே இருக்கும். கிளப் விடுவிக்காவிட்டால் அவர் லீக்கில் வேறெங்கும் ஆட முடியாது. ஆகவே சம்பளத்தை உயர்த்திக் கேட்கவும் வழியில்லை, கிடைக்கிற இடத்துக்குப் போகவும் வழியில்லை. கிளப்புகளுக்கோ இந்தத் தளை கிடையாது. 1905-இல் சண்டர்லாந்து ஆல்ஃப் காமனை மிடில்ஸ்பரோவுக்கு 1,000 பவுண்டுக்கு விற்றது. அன்று ஊரே வாயைப் பிளந்த தொகை அது. அதில் ஆட்டக்காரர் ஊதியமாகக் கேட்டு வாங்க முடிந்தது அந்த 4 பவுண்டு வரம்புக்கு உட்பட்டதுதான்.

இங்கே ஒரு பதில் தயாராக இருக்கும். அன்றைய சுரங்கத் தொழிலாளிக்குக் கிடைத்ததைவிட 4 பவுண்டு அதிகம்தானே, இதில் என்ன அநியாயம் என்பார்கள். அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் அந்த உச்சவரம்பு கிடைத்ததா? இல்லை. பலர் அதற்குக் கீழேதான் வாங்கினார்கள். சுரங்கத் தொழிலாளி ஐம்பது வயது வரை உழைக்கலாம். கால்பந்தாட்டக்காரரின் உடம்பு முப்பத்தைந்தில் ஓய்ந்துவிடும். அதற்குமுன் முட்டி விலகினால் அன்றோடு பிழைப்பு போயிற்று. நாற்பதாயிரம் பேர் காசு கொடுத்து நுழையும் மைதானத்தில், அவர்கள் எதைப் பார்க்க வந்தார்களோ அதைச் செய்பவருக்குத் தன் உழைப்பின் விலையைப் பேச உரிமை இல்லை. பக்கத்துத் தொழிலில் கூலி இன்னும் மோசம் என்பதால் இது நியாயமாகிவிடாது.

உரிமை மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு யுனைடெட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கர்க்கால்டியில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர் டாமி பிளாக்ஸ்டாக், டர்ன்புல்லின் சக ஆட்டக்காரர். 1907 ஏப்ரலில் இரண்டாம் அணிக்கான ஓர் ஆட்டத்தில் பந்தைத் தலையால் முட்டிய சற்று நேரத்தில் சரிந்து விழுந்து இறந்தார். இயற்கை மரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று. அவருடைய குடும்பத்துக்கு இழப்பீடு எதுவும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று மான்செஸ்டரின் இம்பீரியல் ஹோட்டலில் ஆட்டக்காரர்கள் கூடித் தொழிற்சங்கம் அமைத்ததற்கு இந்தச் சாவும் ஒரு காரணம். முன்னின்றவர்கள் மெரிடித்தும் ராபர்ட்ஸும். டர்ன்புல் ஆடிய அணிதான் அந்தச் சங்கத்தின் முதுகெலும்பு.

இந்தப் பின்னணியில் 1906-ஐ மறுபடி பாருங்கள். சிட்டி கொடுத்தது, ஆட்டக்காரர்கள் வாங்கினார்கள். யாரையும் ஏமாற்றிப் பறித்த பணம் அல்ல. எந்த ஆட்டத்தின் முடிவும் அதனால் விலைக்குப் போகவில்லை. நன்றாக ஆடியதற்கு முதலாளி மனமுவந்து கொடுத்த கூலி, விதி அனுமதித்த அளவைவிடக் கூடுதலாக இருந்தது. அவ்வளவுதான் குற்றம். நிர்வாகிகளும் அன்று தண்டிக்கப்பட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் இரண்டு தொழில்களுக்கு நடுவே இருக்கும் வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. கிளப்பின் இயக்குநருக்கு வேறு வருமானம் இருந்தது. ஆட்டக்காரருக்குக் கால் மட்டும்தான் இருந்தது. 1906-இன் தண்டனையை வைத்து டர்ன்புல்லை "பழைய குற்றவாளி" என்று எழுதுபவர்கள், நியாயமான கூலி வாங்கியதையும் ஆட்டத்தை விற்றதையும் ஒரே தராசில் போடுகிறார்கள்.

1909-இல் நடந்தது இன்னும் தெளிவானது. ஆட்டக்காரர்களின் சங்கம் மற்றத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பில் சேர்ந்தது கால்பந்துச் சங்கத்துக்குப் பொறுக்கவில்லை. ஜூலை முதல் நாளுக்குள் சங்கத்தை விட்டு விலகாதவர்களின் பதிவு ரத்தாகும் என்று அறிவித்தது. நாடு முழுக்க ஆட்டக்காரர்கள் அஞ்சி விலகினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பிள்ளைகுட்டிக்காரர்கள். ஆனால் யுனைடெட் ஆட்டக்காரர்கள் விலகவில்லை. வெளி கிளப்புகளிலிருந்து எவர்ட்டனின் டிம் கோல்மன் அவர்களோடு நின்றார். மைதானக் கதவு சாத்தப்பட்டது, சம்பளம் நின்றது. ஃபாலோஃபீல்டில் வேறு இடம் பிடித்துத் தாங்களே பயிற்சி செய்தார்கள். "விலக்கப்பட்டவர்கள் கால்பந்துக் குழு" என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு, அந்தப் பெயர்ப்பலகையோடு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தில் டர்ன்புல் இருக்கிறார்.

பருவம் தொடங்குவதற்கு முதல் நாள் கால்பந்துச் சங்கம் இறங்கிவந்தது. ஆட்டக்காரர்களின் சங்கம் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு ஆட்டக்காரர்கள் கூட்டமைப்பிலிருந்து விலக நேர்ந்தது. ஊதிய உச்சவரம்பு அப்படியே நின்றது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் இன்றுவரை தொடர்ந்து இயங்கிவரும் ஓர் ஆட்டக்காரர் சங்கம் அன்று சாகாமல் பிழைத்தது. நான்கு மாதங்களுக்கு முன்பு கோப்பை வென்ற ஓர் அணி, தன் பிழைப்பையே பணயம் வைத்து அதைப் பிழைக்கவைத்தது. பணத்தாசை பிடித்தவர் என்று சொல்லப்படும் டர்ன்புல், கையெழுத்துப் போட்டுவிட்டுச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் போகவில்லை. பணத்தாசைதான் அவர் வாழ்க்கையின் சூத்திரம் என்றால் 1909-இன் கோடைக்காலம் அதற்குள் அடங்காது. அதனால்தான் அந்தக் கதையில் அந்தக் கோடைக்காலம் வருவதே இல்லை.

இனி 1915-க்கு வருவோம். இங்கே மழுப்ப நான் விரும்பவில்லை. ஏப்ரல் 2, பெரிய வெள்ளி. ஓல்டு டிராஃபோர்டில் யுனைடெட் லிவர்பூலை 2-0 என்று வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் ஜார்ஜ் ஆண்டர்சன். அதே 2-0 முடிவின் மீது பெரும் தொகைகள் பந்தயம் கட்டப்பட்டிருந்தன. யுனைடெட் ஒரு பெனால்டியை வெளியே அடித்தது. லிவர்பூலின் ஃப்ரெட் பாக்னம் கோலை நோக்கி அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டபோது, அவருடைய சொந்த அணியினரே அவர்மீது கோபப்பட்டார்கள். பேச்சு பரவியது. விசாரணைக் குழு டிசம்பரில் ஏழு பேரைக் குற்றவாளிகள் என்றது. லிவர்பூலின் ஜாக்கி ஷெல்டன், டாம் மில்லர், பாப் பர்செல், தாமஸ் ஃபேர்ஃபவுல். யுனைடெட்டின் டர்ன்புல், ஆர்தர் வாலி, ஈனக் வெஸ்ட். யுனைடெட்டின் மூவரில் அன்று களத்தில் ஆடியவர் வெஸ்ட் மட்டுமே. டர்ன்புல் ஆடவில்லை, திட்டத்தில் பங்கு இருந்தது என்பதற்காகத் தண்டிக்கப்பட்டார்.

இது குற்றம்தான். மைதானத்துக்குக் காசு கொடுத்து வந்தவர்களை ஏமாற்றிய குற்றம். நேர்மையாக ஆட நினைத்த சக ஆட்டக்காரர்களுக்கு இழைத்த துரோகம். ஊதியம் குறைவு என்பது ஆட்டத்தை விற்பதற்கு உரிமம் ஆகாது. போரால் லீக் நின்றுபோகும் என்று எல்லோரும் எதிர்பார்த்த நேரம் அது. நின்றும் போனது, அந்தக் கோடையிலிருந்து ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தரவே கூடாது என்று லீக் முடிவெடுத்தது. நாளைக்கு அடுப்பெரியுமா என்ற கவலை இருந்தது என்று புரிந்துகொள்ளலாம். புரிந்துகொள்வது வேறு, மன்னிப்பது வேறு. சங்கத்துக்காக நின்ற மனிதரே தன் சக தொழிலாளர்களின் நம்பிக்கையை விற்றார் என்பது எனக்கு வருத்தமான செய்தி. அதை அப்படியேதான் எழுத வேண்டும்.

ஆனால் தண்டனை எங்கே விழுந்தது, எங்கே விழாமல் போனது என்பதையும் எழுத வேண்டும். அந்தப் பருவம் முடிந்தபோது யுனைடெட்டுக்கு 30 புள்ளிகள், 18-ஆவது இடம். செல்சிக்கு 29 புள்ளிகள், 19-ஆவது இடம். ஒரே புள்ளியில் யுனைடெட் பிழைத்தது, செல்சி இறங்கும் இடத்தில் மாட்டியது. பெரிய வெள்ளி ஆட்டத்தில் கிடைத்த இரண்டு புள்ளிகள் இல்லாவிட்டால் நிலைமை தலைகீழ். ஆட்டம் விலைக்குப் போனது என்று தீர்ப்பளித்தவர்கள் அந்த முடிவை ரத்து செய்யவில்லை. புள்ளிகளும் யுனைடெட்டிடமே இருந்தன. போருக்குப் பின் முதல் பிரிவை 22 அணிகளாக்கி, செல்சியும் இறங்காதபடி பார்த்துக்கொண்டார்கள். இந்த இரு கிளப்புகளுக்கும் இழப்பு ஏதும் வராமல் கணக்கு நேராயிற்று. தொழிலை இழந்தவர்கள் ஏழு ஆட்டக்காரர்கள் மட்டுமே. விதியை வகுத்தவர்களும் அதனால் லாபம் அடைந்தவர்களும் தண்டனைப் பட்டியலில் இல்லை. 1906-க்கும் 1915-க்கும் இடையே ஒரு தொடர்ச்சியைத் தேடுபவர்கள் அதை டர்ன்புல்லின் குணத்தில் தேடுகிறார்கள். அந்தத் தொடர்ச்சி ஆட்டத்தை நடத்தியவர்களின் பழக்கத்தில் இருக்கிறது.

இரண்டாவது கருத்து, போர்ச்சாவு குற்றத்தை ஈடுகட்டியது என்பது. இது எங்கிருந்து முளைத்தது என்று தெரிந்துகொண்டால்தான் இதன் விஷம் புரியும். 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியும் லீக் ஆட்டங்கள் நடந்தன. வரலாற்றாசிரியர் ஏ.எஃப். போலார்டு நவம்பரில் டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதம் எழுதி, கால்பந்தாட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதே எதிரிக்கு உதவுவது போல் என்று சாடினார். பத்திரிகைகளும் மேடைகளும் அதே பல்லவியைப் பாடின. இவர்கள் உடம்பு வளர்த்த கோழைகள் என்று ஊர் பேசியது. டிசம்பர் 15 அன்று ஃபுல்லம் நகர மன்றத்தில் ஆட்டக்காரர்களுக்கென்றே மிடில்செக்ஸ் படைப்பிரிவின் 17-ஆம் பட்டாலியன் தொடங்கப்பட்டது. ஆக, போர் தொடங்கிய சில மாதங்களிலேயே ஒரு கணக்கு எழுதியாகிவிட்டது. கால்பந்து ஆடிக் காசு வாங்குவது ஒரு கறை. அதைப் போக்கப் போர்முனைக்குப் போக வேண்டும். டர்ன்புல்லின் கதையில் வரும் "கறை நீங்கியது" என்ற முடிவு, அந்தப் பிரச்சாரத்தின் மிச்சம்.

டர்ன்புல் சேர்ந்தது மிடில்செக்ஸின் 23-ஆம் பட்டாலியன். கால்பந்தாட்டக்காரர்களின் இரண்டாவது பட்டாலியன் அது. பின்னர் கிழக்கு சரேயின் 8-ஆம் பட்டாலியனுக்கு மாற்றப்பட்டார். 1916 ஜூலை முதல் நாள், சோம் போரின் தொடக்கத்தில், தாக்குதலுக்குக் கிளம்பும்போது கால்பந்துகளை உதைத்துக்கொண்டு முன்னேறியது இந்தப் பட்டாலியனின் வீரர்கள்தான். அந்த யோசனையைச் சொன்ன கேப்டன் நெவில் அன்றே கொல்லப்பட்டார். பத்திரிகைகள் அந்தக் காட்சியைக் கொண்டாடித் தீர்த்தன. போர் என்பது பெரிய ஆட்டம், சின்ன ஆட்டத்தை விட்டுவிட்டு இதற்கு வாருங்கள் என்று அழைப்பதற்கு அது வாகாக இருந்தது. பிழைப்புக்காகக் கால்பந்து ஆடிய மனிதர் ஒருவர், கால்பந்தைப் போருக்கு விளம்பரமாக்கிய பட்டாலியனிலேயே போய்ச் சேர்ந்தார்.

1917 மே 3 அதிகாலை இருட்டில், அராஸ் பகுதியில் ஷெரிசி என்ற கிராமத்தைக் கைப்பற்ற 18-ஆவது டிவிஷன் முன்னேறியது. கிழக்கு சரே வீரர்கள் கிராமத்தைக் கடந்து போனார்கள். பக்கவாட்டுப் படைகள் முன்னேற முடியாமல் போகவே, எதிர்த்தாக்குதலில் பின்வாங்க நேர்ந்தது. கிராமம் கைக்கு வந்து, அன்றே கைவிட்டும் போனது. லான்ஸ் சார்ஜென்ட் டர்ன்புல் திரும்பவில்லை. வயது 32. உடல் கிடைக்கவில்லை, அராஸ் நினைவுச் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது. மனைவியும் நான்கு குழந்தைகளும் மான்செஸ்டரில் காத்திருந்தார்கள். ஒரு பெனால்டி வெளியே போனதற்கும், இரண்டு கோல் மீது பந்தயம் கட்டியதற்கும், ஷெரிசி வயலில் சிந்திய ரத்தத்துக்கும் என்ன தொடர்பு? எந்த நீதிக் கணக்கில் ஒன்று மற்றதைக் கழிக்கிறது?

அன்று அந்த வயலில் விழுந்தவர்களில் பந்தயமே கட்டியறியாத எத்தனையோ பேர் இருந்தார்கள். டர்ன்புல்லின் சாவு பரிகாரம் என்றால் அவர்களுடைய சாவு எதற்கான பரிகாரம்? ஒரே குழியில் விழுந்த இருவரில் ஒருவரின் சாவு தண்டனை போலவும், இன்னொருவரின் சாவு தியாகம் போலவும் ஆகிவிடுகிறது. அவர் பிராயச்சித்தம் தேடிப் பட்டாளத்துக்குப் போனார் என்பதற்கு இந்தக் கதையைச் சொல்பவர்கள் எந்தச் சான்றும் காட்டுவதில்லை. 1916-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்து, 18 முதல் 41 வயது வரை உள்ள ஆண்களை, மணமானவர்களையும் சேர்த்து, அழைத்துக்கொண்டது. அவர் வயதுள்ள லட்சக்கணக்கான ஆண்கள் காக்கி உடுத்தியிருந்தார்கள். அவரும் உடுத்தினார். அதைப் பாவமன்னிப்புப் பயணமாக மாற்றியது பின்னால் வந்தவர்களின் கைவேலை.

களத்தில் விழுந்தவருக்கு நடுகல் நட்டு வணங்கிய மரபில் வந்தவர்கள் நாம். செத்தவரிடம் குற்றம் பார்ப்பதா என்று நம்மில் யாருக்கும் தோன்றும். அந்த மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் மரியாதை என்பது ஒருவரின் வாழ்க்கையை முழுமையாகப் பார்ப்பது. குற்றத்தைச் சாவால் மூடிவிட்டால், குற்றம் செய்யத் தெரிந்த, அதே சமயம் நண்பர்களுக்காகச் சம்பளத்தை இழக்கவும் தெரிந்த ஒரு மனிதர் காணாமல் போகிறார். மிஞ்சுவது ஒரு பாடம் மட்டுமே. டர்ன்புல் பாடம் அல்லர்.

மூன்றாவது, 1919-இன் மன்னிப்பு. போரில் நாட்டுக்கு ஆற்றிய சேவையைக் கருதி, தண்டனை பெற்றவர்களின் தடை நீக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இறந்துபோன டர்ன்புல்லின் தடையும் நீங்கியது. ஒரே ஒருவர் விடுபட்டார்: ஈனக் வெஸ்ட். குற்றத்தை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதவர் அவர். தன் பெயருக்குக் களங்கம் வந்தது என்று வழக்குத் தொடுத்து, தோற்று, மேல்முறையீட்டிலும் தோற்றவர். அவருடைய தடை நீங்கியது 1945-இல். அப்போது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. முப்பது ஆண்டுகள்! அந்தத் தடை நீங்கி அவருக்கு என்ன பயன்? எந்த மைதானத்தில் போய் அவர் ஆடியிருக்க முடியும்?

பெருந்தன்மை என்று போற்றப்படும் முடிவின் மறுபக்கம் இது. ஒரே ஆட்டம், ஒரே குற்றச்சாட்டு, ஒரே தீர்ப்பு. அறுவருக்கு நான்கு ஆண்டுகளில் விடுதலை. ஒருவருக்கு முப்பது ஆண்டுகள். குற்றத்தின் அளவு வேறுபட்டதால் வந்த வித்தியாசமா இது? அப்படி யாரும் நிறுவவில்லை. ஆட்டத்தை விற்றது அவ்வளவு கொடிய குற்றம் என்றால், ராணுவச் சேவை அதை எப்படி மறக்கடித்தது? நான்கு ஆண்டு தண்டனை போதும் என்றால், வெஸ்ட்டுக்கும் அது போதாதா? குற்றத்தை எடைபோட்டுத் தந்த விடுதலை என்றால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருந்திருக்கும். உடுப்பைப் பார்த்தும் பணிவைப் பார்த்தும் தந்த விடுதலைக்குப் பதில் கிடையாது. அதை அருள் என்று வேண்டுமானால் சொல்லலாம். நீதி என்று சொல்ல முடியாது.

உயிரோடு திரும்பியவர்களைப் பாருங்கள். வாலி கடுமையாகக் காயம்பட்டுத் திரும்பி, மறுபடி யுனைடெட்டுக்கு ஆடினார். மில்லர் 1920-இல் ஸ்காட்லாந்தின் தேசிய அணிக்கே ஆடினார். அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஒரு குற்றத்துக்காக ஒரு மனிதரின் தொழிலை ஆயுளுக்கும் பறிப்பது மிகை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது வாழ்க்கை. டர்ன்புல்லுக்குக் கிடைத்தது ஒரு காகிதம். இரண்டையும் "மன்னிக்கப்பட்டார்கள்" என்று ஒரே சொல்லால் எழுதும்போது, இறந்தவர் ஏதோ பெற்றுக்கொண்டதைப் போல ஆகிவிடுகிறது. அவர் எதையும் பெறவில்லை. தடையை நீக்கியதால் நிம்மதி பெற்றது தடை விதித்தவர்களின் மனசாட்சி.

டர்ன்புல் ஸ்காட்லாந்துக்காக ஒரு முறைகூட ஆட அழைக்கப்படவில்லை. சொந்த நாட்டில் பெரிய கிளப் எதிலும் ஆடாமல் இங்கிலாந்துக்குப் போனவர். எடின்பரோவின் ஹார்ட்ஸ் அணியினர் 1914 நவம்பரில் திரண்டு மெக்ரே பட்டாலியனில் சேர்ந்தார்கள். லீக்கில் முன்னணியில் இருந்த அணி பட்டத்தை இழந்தது. சோம் போரின் முதல் நாளில் மட்டும் அதன் ஆட்டக்காரர்கள் மூவர் விழுந்தார்கள். ஹேமார்க்கெட்டிலும் பிரான்ஸின் கோன்டல்மேசோனிலும் அவர்களுக்கு நினைவுச் சின்னங்கள் உண்டு. அவர்களுக்கு அந்தப் பெருமை முழுவதும் தகும். ஆனால் கால்பந்தையும் போரையும் சேர்த்து நினைக்கும் ஒரு நாடு, தூய்மையான கதைகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் அந்த நினைவு பாதிதான். சுரங்க ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடித் தெற்கே போன நூற்றுக்கணக்கான ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களின் வாழ்க்கை ஹார்ட்ஸைவிட டர்ன்புல்லின் வாழ்க்கையைப் போன்றதே: தொழில், கூலித் தகராறு, காயம், சபலம், பட்டாளம்.

நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, பழைய கதை எப்படி இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. டர்ன்புல்லைப் பணத்தாசைக்காரராகக் காட்டிய அதே பார்வைதான், ஊதிய உச்சவரம்பை 1961 வரை உயிரோடு வைத்திருந்தது. ஆட்டக்காரர் கூலி கேட்டால் பேராசை, கிளப் அவரை விற்றால் வியாபாரம் என்ற இரட்டை அளவுகோல் அது. உழைப்பவர் தவறு செய்தால் அதை அவர் பிறவிக் குணமாக்கி, அவர் இறந்த பிறகு பெரிய மனதோடு மன்னித்துவிட்டால், அமைப்பைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. கதை அந்த வேலையை நன்றாகச் செய்திருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். டர்ன்புல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் 1906-ஐ 1915-இன் முன்னோட்டமாக எழுதக் கூடாது. 1909-ஐ விட்டுவிட்டு எழுதக் கூடாது. 1915-இன் குற்றத்தைக் குற்றம் என்றே எழுத வேண்டும். அதன் லாபத்தை வைத்துக்கொண்டவர்கள் யார் என்பதையும் கூடவே எழுத வேண்டும். 1919-ஐ எழுதும்போது ஈனக் வெஸ்ட்டின் பெயர் அதே வாக்கியத்தில் இருக்க வேண்டும். ஷெரிசியில் நடந்ததைப் போரின் கணக்கில் எழுத வேண்டும், கால்பந்தின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. குற்றத்துக்குத் தண்டனை உண்டு, தண்டனைக்கு ஓர் எல்லை உண்டு; அந்த எல்லையைத் தொட்டதும் ஒருவர் உயிரோடு இருக்கும்போதே அவரை விடுவிக்க வேண்டும். உயிரைக் கொடுத்தால்தான் பெயரைத் திருப்பித் தருவோம் என்று சொல்லும் எந்த அமைப்புக்கும், அந்தப் பெயரைப் பறிக்கும் தகுதியும் இல்லை.